ஓட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு வகுப்பு

2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் மரைன் படை தன் வீரர்களின் இறப்புக் கணக்கைப் பார்த்து அதிர்ந்துபோனது. ஈராக்கில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஏறக்குறைய ஓராண்டுக் காலத்தில் அங்கே எதிரிகளால் கொல்லப்பட்ட மரைன் வீரர்கள் 20 பேர். அதே காலத்தில் மோட்டார் சைக்கிள் விபத்துகளில் இறந்தவர்கள் 25 பேர். ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டியவர்கள். போருக்கென்றே பழக்கப்பட்ட இளைஞர்கள், சொந்த வண்டியில் போய் உயிரை விட்டிருந்தார்கள்.

ராணுவம் என்பதால் 'இனி யாரும் பைக்கைத் தொடக் கூடாது' என்று ஒரே உத்தரவில் விஷயத்தை முடித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ஏற்கனவே பைக் ஓட்டிக்கொண்டிருந்தவர்களையே மறுபடியும் வகுப்பில் உட்காரவைத்தார்கள். ஸ்போர்ட்ஸ் பைக் வைத்திருக்கும் வீரர்களுக்காகத் தனிப் பாடத்திட்டமே வந்தது.

நம் ஊரில் யாரிடமாவது இப்படி ஒரு வகுப்புக்குப் போகச் சொன்னால், "இருபது வருஷமா வண்டி ஓட்டுறேன், ஒரு கீறல் விழுந்ததில்ல, எனக்கே கிளாஸா?" என்றுதான் பதில் வரும். அந்தக் கோபத்திலும் நியாயம் உண்டு. காலை எட்டரை மணிக்குக் கத்திப்பாராவையோ காந்திபுரத்தையோ தினமும் கடந்து, மழைத் தண்ணீர் மூடிய பள்ளத்தையும், இண்டிகேட்டர் போடாமல் திரும்பும் ஷேர் ஆட்டோவையும் சமாளித்து வேலைக்குப் போய்ச் சேருகிறவரைப் பார்த்து, 'உங்களுக்கு ஓட்டத் தெரியாது' என்று யார் சொல்ல முடியும்? தெரியும்தான். ஆனால் அன்றாட ஓட்டத்தில் வளர்கிற திறமை ஒன்று. விபத்துக்கு முந்தைய கணத்தில் தேவைப்படுகிற திறமை முற்றிலும் வேறு. இரண்டாவதை நாம் தினமும் பழகுவதில்லை. பழகும்படி நேராமல் இருப்பதைத்தான் நல்ல ஓட்டுநர் என்பதற்கு அடையாளமாக நினைக்கிறோம்.

இந்த இடைவெளியை எண்களோடு எடுத்துக் காட்டியவர் ஹாரி ஹர்ட், தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர். 1970களின் பிற்பகுதியில் இவருடைய குழு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் மோட்டார் சைக்கிள் விபத்து நடந்ததாகத் தகவல் வந்ததும் அந்த இடத்துக்கே ஓடியது. சாலையில் டயர் தேய்ந்த தடத்தை அளந்தது, ஹெல்மெட்டைச் சேகரித்தது, பிழைத்தவர்களிடமும் பார்த்தவர்களிடமும் பேசியது. இப்படி சுமார் 900 விபத்துகளை நேரில் ஆராய்ந்தார்கள். 3,600 போலீஸ் பதிவுகளையும் படித்தார்கள். அதே இடத்துக்கு, அதே கிழமையில், அதே நேரத்தில் மறுபடி போய், விபத்தில் சிக்காமல் அந்த வழியே போகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்றும் பார்த்தார்கள். ஒப்பிடுவதற்கு ஆள் வேண்டும் அல்லவா? 1981இல் அறிக்கை வெளியானது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பைக் பயிற்சியாளர்கள் அதைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள்.

விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் யாரிடமும் முறையாகக் கற்றவர்கள் இல்லை. தானாகவோ, வீட்டாரிடமோ, நண்பர்களிடமோ பழகியவர்கள். டி.வி.எஸ். 50-யின் கேரியரைப் பிடித்துக்கொண்டு மாமாவோ அண்ணனோ பின்னாலேயே ஓடிவர, பள்ளிக்கூட மைதானத்தில் பழகிய நம் தலைமுறைக்கு இந்த எண் ஆச்சரியம் தராது. அடுத்ததுதான் உறைக்கும். ஆபத்து தெரிந்த கணத்திலிருந்து மோதும் கணம் வரை ஓட்டுநருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் 2 விநாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் அவர்கள் செய்தது என்ன? பின் பிரேக்கை ஓங்கி மிதித்துச் சக்கரத்தைச் சறுக்கவிட்டார்கள். முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. வண்டியை வெட்டி விலக்கும் திறமை ஏறக்குறைய இல்லவே இல்லை என்று அறிக்கை எழுதுகிறது.

வேகம்தான் காரணம் என்று நினைப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும். ஆபத்து தெரிந்தபோது இந்த வண்டிகளில் பாதி மணிக்கு 48 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தன. நெடுஞ்சாலைச் சாகசம் எதுவும் இல்லை. கடைக்குப் போகிற வேகம்.

அறிக்கையில் இன்னொரு செய்தி அதிகம் பேசப்படுவதில்லை. விபத்தில் சிக்கியவர்களுக்குச் சாலையில் ஓட்டிய அனுபவம் சராசரியாக 3 ஆண்டுகளை நெருங்கியிருந்தது. ஆனால் அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள், அப்போது ஓட்டிய அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கு வந்து 5 மாதம்கூட ஆகவில்லை. கை பழகியது பழைய வண்டிக்கு. பிரேக் பிடிக்கும் இறுக்கமும், எடையும், திரும்பும் விதமும் மாறிப்போன புது வண்டியில் பழைய பழக்கம் உதவவில்லை.

அமெரிக்காவில் 1973இலேயே மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பு உருவாகியிருந்தது. பணம் போட்டவர்கள் வண்டி தயாரிக்கும் நிறுவனங்கள். இதில் வியாபார புத்தியும் உண்டு; செத்துப்போன வாடிக்கையாளர் அடுத்த வண்டி வாங்க வரமாட்டார். புதிதாகக் கற்பவர்களுக்கான அடிப்படை வகுப்பு ஒரு பக்கம் இருக்க, ஏற்கனவே ஓட்டுகிறவர்களுக்கென்று தனி வகுப்பையும் இந்த அமைப்பு வைத்தது. அதற்கு வருகிறவர் தன் சொந்த வண்டியிலேயே வர வேண்டும். தினமும் எதில் போகிறாரோ அதில்தான் பழக வேண்டும் என்பது அடிப்படை விதி. இடம், பெரும்பாலும் காலியான ஒரு கார் நிறுத்துமிடம். தரையில் பிளாஸ்டிக் கூம்புகள். ஒரு நாளுக்குள் முடிந்துவிடும்.

அனுபவசாலிகளின் கர்வம் உடைவது முதல் பயிற்சியிலேயே. அதில் வேகமே கிடையாது. நடக்கிற வேகத்தில் கூம்புகளுக்கு இடையே வளைந்து போக வேண்டும். சிறிய கட்டத்துக்குள் கால் ஊன்றாமல் எட்டுப் போட வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு இது பழைய கதை போலத் தோன்றும். ஆனால் அன்று ஓட்டியது இரவல் வாங்கிய இலகுவான வண்டி. இன்று கீழே இருப்பது 190 கிலோ புல்லட். இடமும் பாதி. கால் தானாகத் தரையைத் தேடுகிறது.

பயிற்சியாளர் சொல்லிக்கொடுப்பது மூன்றே விஷயம். கிளட்சை முழுதாக விடாமல் ஹாஃப் கிளட்ச்சில் வைத்திருப்பது, பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே இருப்பது, முன்சக்கரத்தைப் பார்க்காமல் போக வேண்டிய இடத்தை நோக்கித் தலையைத் திருப்புவது. மூன்றில் கடைசியானதுதான் கஷ்டம். தரையைப் பார்த்துப் பார்த்து இருபது வருடம் பழகிய கழுத்து எளிதில் திரும்பாது. திரும்பியவுடன் வண்டி அதே வட்டத்தைப் பாதி இடத்தில் முடித்துவிடும். நெரிசலில் ஊர்ந்து போகும்போதும், பெட்ரோல் பங்க்கில் திரும்பும்போதும் வண்டி சாய்ந்து விழுவது நின்றுபோக இந்த ஒரு மணி நேரம் போதும்.

அடுத்து பிரேக். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கப்படும் அறிவுரையே இங்கே தவறு. "முன் பிரேக்கைப் பிடிக்காதே, தூக்கி அடிச்சிடும்." சொல்லாத அப்பா இல்லை. உண்மை என்னவென்றால், வண்டி நிற்க முனையும்போது எடையின் பெரும்பகுதி முன்னால் சாய்கிறது. முன்டயர் தரையோடு அழுந்தி பிடிமானம் கூடுகிறது. பின்டயர் ஏறக்குறைய மிதக்கிறது. மிதக்கிற டயரை எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் அது சறுக்குமே தவிர நிறுத்தாது. நிற்கும் சக்தியில் 70 சதவீதமோ அதற்கு மேலோ முன் பிரேக்கிலிருந்துதான் வருகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு, காய்ந்த நல்ல சாலையில் இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால் 20 மீட்டரில் வண்டி நிற்கும். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் ஏறக்குறைய 40 மீட்டர். நடுவில் உள்ள அந்த 20 மீட்டரில்தான் லாரியின் பின்பக்கம் இருக்கிறது.

வேகத்தைக் கூட்டினால் கணக்கு இன்னும் கொடூரமாகிறது. இரண்டு பேர் அருகருகே போகிறார்கள். ஒருவர் 60இல், மற்றவர் 80இல். இருவரும் ஒரே கணத்தில் குறுக்கே வந்த மாட்டைப் பார்க்கிறார்கள், ஒரே திறமையோடு பிரேக் பிடிக்கிறார்கள். முதல் ஆள் மாட்டின் மூக்கருகே நின்றுவிடுகிறார். இரண்டாம் ஆள் அதே இடத்துக்கு வரும்போது அவருடைய வேகம் இன்னும் 60க்குக் குறையவில்லை. 20 கிலோமீட்டர்தானே கூடுதல் என்று நினைக்கிறவர்கள் இந்த ஒரு கணக்கை மனதில் வைத்தால் போதும்.

அப்படியானால் 'தூக்கி அடிக்கும்' என்பது பொய்யா? முழுப் பொய் இல்லை. எடை முன்னால் வருவதற்கு முன்பே முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போதோ, மணல் மேலோ பிடித்தால் வண்டி சாயும். அப்பாக்கள் பார்த்த விபத்துகள் இப்படி நடந்தவைதான். வகுப்பில் சொல்லித்தருவது, பிடிக்கிற விதத்தை: முதலில் லேசாக அழுத்தி எடையை முன்னால் வரவிட்டு, உடனே மேலும் மேலும் இறுக்குவது. இரண்டும் சேர்ந்து ஒரு விநாடிக்குள் நடக்க வேண்டும். படித்துப் புரிந்துகொள்வதால் இது வராது. 30 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கிப் பலமுறை செய்து கையில் ஏற வேண்டும். பல வருடம் ஓட்டியவர்கள் தங்கள் வண்டியின் முன் பிரேக்கில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதை அன்றுதான் முதன்முறையாகத் தெரிந்துகொள்கிறார்கள்.

ஏ.பி.எஸ். வந்துவிட்ட பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அது கட்டாயமானது. அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு முன், பின் பிரேக்கைச் சேர்த்து இயக்கும் சி.பி.எஸ். ஏ.பி.எஸ்.ஸால் பலன் இருக்கிறது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் செய்த ஆய்வில், ஏ.பி.எஸ். உள்ள பைக்குகளில் உயிர்போகும் விபத்துகளின் விகிதம் 22 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தக் கருவியின் வேலை. பயந்து பயந்து பாதி பிடிக்கிற கையை அது திருத்தாது. முழு பலத்தோடு பிடித்தால் லீவர் கையில் படபடவென்று உதைக்கும். அந்த உதையை முன்னே அறியாதவர் வண்டியில் ஏதோ உடைந்துவிட்டது என்று பதறி, நிற்க வேண்டிய நேரத்தில் பிரேக்கை விட்டுவிடுவதும் உண்டு. காலி மைதானத்தில் ஒரு முறை அதை உணர்ந்தவருக்கு அந்தப் பதற்றம் வராது.

வளைவு வேறு பாடம். டயருக்குக் கிடைக்கும் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி, ஒரு குறிப்பிட்ட தொகைதான். திரும்புவதற்கே முழுவதும் செலவழித்துவிட்டால் பிரேக்குக்கு மிச்சம் இருக்காது. அதனால் வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, உள்ளே நுழைந்த பிறகு ஆக்சிலரேட்டரைச் சீராகக் கொடுத்துக்கொண்டு வெளியே வரச் சொல்கிறார்கள். கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பார்க்க முடிவது இதன் தலைகீழ்: வேகமாக உள்ளே நுழைந்து, நடு வளைவில் பயந்து, பிரேக்கை அழுத்தி, எதிர் வரிசைக்குப் போய்விடுவது.

திரும்புவது எப்படி என்றே நமக்குத் தெரியாது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். விமானத்தைக் கண்டுபிடித்த வில்பர் ரைட் அதற்கு முன்னால் தம்பியோடு டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்தியவர். சைக்கிளில் இடது பக்கம் திரும்ப என்ன செய்கிறீர்கள் என்று அவர் பல பேரிடம் கேட்டுப் பார்த்தாராம். முதல் தடவை கேட்டபோது ஒருவர்கூடச் சரியான பதில் சொல்லவில்லை. ஹேண்டிலை இடப்பக்கம் திருப்புவோம் என்றே ஏறக்குறைய எல்லோரும் சொன்னார்கள். உண்மையில், இடப்பக்கம் திரும்ப முதலில் சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் போகிறது. அதனால் வண்டி இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்த பிறகே திரும்புகிறது. நம் உடம்பு இதைத் தெரியாமலேயே செய்துவிடுகிறது.

தெரியாமல் செய்வது சாதாரண நேரத்துக்குப் போதும். எதிரே கார் கதவு திறந்தால் போதாது. அந்தக் கணத்தில் வலப்பக்கம் விலக வேண்டுமானால் ஹேண்டிலின் வலக்கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். தள்ளியதும் வண்டி கத்தி போல வலப்பக்கம் வெட்டும். உடம்பைச் சாய்த்தால் போதும் என்று வாதிடுகிறவர்களுக்காகக் கீத் கோட் ஒரு வேடிக்கையான வண்டியே செய்தார். 1980இல் கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் என்ற பள்ளியைத் தொடங்கியவர் இவர். அந்த வண்டியில் வழக்கமான ஹேண்டில்பாருக்கு மேலே, சேசிஸோடு அசையாமல் பொருத்திய இரண்டாவது ஹேண்டில்பார் ஒன்று இருக்கும். அதிலும் ஆக்சிலரேட்டர் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு உடம்பை எவ்வளவு வளைத்தாலும் வண்டி சோம்பலாக அசையுமே தவிர வெட்டித் திரும்பாது. வாதம் முடிந்துவிடும். இந்தப் பள்ளி சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் வகுப்புகள் நடத்தியிருக்கிறது. அது பந்தயத் தடத்தில் வேகமாக வளையக் கற்றுத்தரும் பள்ளி. போக்குவரத்துக்கு நடுவே பிழைக்கக் கற்றுத்தருவது வேறு வகை வகுப்பு. விளம்பரங்களில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த இரண்டாவது வகைக்கு நல்ல உதாரணம் பிரிட்டனில் இருக்கிறது. பைக்சேஃப் என்ற திட்டத்தை நடத்துவது போலீஸ். பயிற்சி பெற்ற போலீஸ் பைக் ஓட்டுநர் ஒருவர், வகுப்புக்கு வந்தவருக்குப் பின்னாலேயே நிஜச் சாலையில் போவார். அபராதம் கிடையாது. ஓரிடத்தில் நிறுத்தி, 'அந்தச் சந்திப்பில் பால் வண்டி நின்றதே, ஏன் வேகத்தைக் குறைக்கவில்லை?' என்கிற மாதிரி பேசுவார். கைத்திறமையைவிடக் கண் எங்கே போகிறது என்பதே அவருடைய அக்கறை. அங்கே போலீஸ் ஓட்டுநர்களுக்காக எழுதப்பட்ட கையேட்டில் ஒரு எளிய உத்தி இருக்கிறது. வளைவில் சாலையின் இரண்டு ஓரங்களும் ஒன்றுசேர்வது போலத் தெரியும் புள்ளியைக் கவனிக்க வேண்டும். அது நம்மைவிட்டு விலகி ஓடினால் வேகம் சரி. நம்மை நோக்கி நெருங்கி வந்தால், வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறை. கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்துக்கு மேல் போகாதே என்பதே இதன் சாரம். ஊட்டிக்குப் போகிறவர் அடுத்த பயணத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

கண்ணைப் பற்றிய பாடத்துக்குக் காரணம் உண்டு. ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் 921 இருசக்கர வாகன விபத்துகளை ஆராய்ந்த மெய்ட்ஸ் ஆய்வில், பாதி விபத்துகளுக்கு முதன்மைக் காரணம் மற்ற வாகன ஓட்டுநரின் தவறு. அதிலும் அடிக்கடி வந்த தவறு, பைக்கைப் பார்க்கவில்லை என்பது. இதில் முழுவதும் அலட்சியம் இல்லை. மனிதக் கண் சிறிய பொருள் நெருங்கும் வேகத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறது. ஒரே வேகத்தில் வரும் லாரியையும் பைக்கையும் பார்த்தால், பைக் வர இன்னும் நேரம் இருக்கிறது என்று தோன்றும். அதனால் கார்க்காரர் திரும்பிவிடுகிறார். தப்பு அவருடையதுதான். எலும்பு நம்முடையது. ஆகவே சந்திப்பை நெருங்கும்போது, அந்தக் கார் திரும்பப் போகிறது என்றே வைத்துக்கொண்டு, விரலை பிரேக் லீவர் மேல் வைத்து, வேகத்தைச் சற்றுக் குறைத்து, அவர் கண்ணில் படும்படி இடம் மாறி வரச் சொல்கிறார்கள். ஓட்டுநரின் பார்வை தானே ஆபத்தாவதும் உண்டு. பள்ளத்தையே வெறித்துப் பார்த்தால் வண்டி பள்ளத்துக்குள்தான் போகும். தப்பிக்கும் வழியைப் பார்ப்பதும் பழக வேண்டிய ஒன்று.

இவ்வளவு சொன்ன பிறகு, எதிர்க் கட்சியின் வாதத்தையும் வைத்துவிடுவது நேர்மை. பயிற்சி வகுப்புகள் உண்மையில் விபத்தைக் குறைக்கின்றனவா? ஹர்ட் அறிக்கை, குறைக்கின்றன என்றது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2010இல் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு 23 ஆய்வுகளைப் பார்த்தது. பெரும்பாலானவை தரத்தில் பலவீனமானவை, எந்தப் பயிற்சி பலன் தரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடித்தது. நார்வேயில் கார் ஓட்டுநர்களுக்கு வழுக்குச் சாலைப் பயிற்சியைக் கட்டாயமாக்கியபோது, இளம் ஆண்களிடையே வழுக்கும் சாலை விபத்துகள் கூடியது தெரியவந்தது. சறுக்கினால் சமாளிக்கலாம் என்ற தைரியம் வேகத்தைக் கூட்டிவிட்டது.

இது வகுப்பே வேண்டாம் என்பதற்கான ஆதாரம் இல்லை. எந்த மாதிரி வகுப்பு என்பதற்கான எச்சரிக்கை. மாலையில் சான்றிதழையும் டீ சர்ட்டையும் கொடுத்து 'நீ கில்லாடி' என்று அனுப்பிவைக்கிற வகுப்பு ஆபத்தானது. உங்களால் நிற்க முடியும் என்று நீங்கள் நினைத்திருந்த தூரத்தை அளந்து காட்டி, அது எவ்வளவு தப்பு என்று உணரவைக்கிற வகுப்புக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது. ஒன்று தன்னம்பிக்கையை ஏற்றுகிறது. மற்றது அதைச் சரியான அளவுக்கு இறக்குகிறது.

நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில், 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு மிக அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105. ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் நாடு முழுவதும் 50,029 பேர். இந்தக் கடைசி எண்ணைப் பார்த்த பிறகு, ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போகிறவர் எந்த வகுப்புக்கும் போகும் முன் அதைத் தலையில் மாட்டி வாரைப் பூட்டுவதுதான் நியாயம்.

லைசென்ஸ் விஷயத்தில் சட்டம் தாராளமாக இருக்கிறது. இன்றைய விதிப்படி 18 வயதில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்குகிறவருக்கு அது 40 வயது வரை செல்லும். நேரத்தோடு புதுப்பித்தால் அப்போதும் யாரும் ஓட்டிக் காட்டச் சொல்வதில்லை. மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆக 22 வருடத்தில் ஒரு முறைகூட வேறொருவர் அவருடைய ஓட்டத்தைப் பார்த்துத் திருத்த வழியில்லை. அந்த இருபத்திரண்டு வருடத்தில் மொபெட் போய், 100 சி.சி. போய், 350 சி.சி. வந்திருக்கும். பிரிட்டனில் ரோஸ்பா என்ற விபத்துத் தடுப்பு அமைப்பு நடத்தும் உயர்நிலைத் தேர்வில் தங்கப் பட்டம் வாங்கியவர்கள்கூட அதைத் தக்கவைக்க 3 ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி தேர்வில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

நம் ஊரில் பெரிய பைக் வைத்திருப்பவர்களின் கிளப்புகளும், சில தனியார் பயிற்சியாளர்களும், சில வாகன நிறுவனங்களும் இப்போது வகுப்புகள் நடத்துகிறார்கள். தரம் ஆளுக்கு ஆள் மாறும். சேர்வதற்கு முன் சில கேள்விகள் கேட்கலாம். சொந்த வண்டியில் பழகவிடுவார்களா? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? அவசர பிரேக்கை ஒவ்வொருவரும் எத்தனை முறை செய்வார்கள்? ஒவ்வொரு முறையும் பார்த்துத் திருத்த ஆள் இருக்கிறாரா? நாள் முழுக்கத் திரையில் படம் காட்டுகிற வகுப்பென்றால் தவிர்த்துவிடலாம். ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களுக்கும், வேலை நிமித்தம் நாளெல்லாம் வண்டியில் இருக்கும் உணவு டெலிவரி இளைஞர்களுக்கும் இந்த வகுப்பு சூப்பர்பைக்காரர்களைவிட அதிகம் தேவை. ஆனால் அவர்களுக்காக நடத்துகிறவர்கள் குறைவு. டெலிவரி நிறுவனங்கள் ஆளைச் சேர்க்கும்போதே அரை நாள் சம்பளத்தோடு இதைக் கொடுக்கலாம், பெரிய செலவாகாது.

வகுப்புக்குப் போக மிகச் சரியான காலம், ஹர்ட் கண்ட அந்த முதல் 5 மாதம். ஆகவே புது வண்டி டெலிவரி எடுக்கும் நாளில், மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, போட்டோ எடுத்து முடித்ததும், ஓட்டத் தெரிந்தவர்களுக்கான பயிற்சி வகுப்பு பக்கத்தில் எங்காவது நடக்கிறதா என்று ஷோரூமில் ஒரு வார்த்தை கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அவர்களே நடத்தத் தொடங்குவார்கள்.